கல்வெட்டு, மின்வெட்டு, வெட்டி வேலை

என் அப்பா வரலாற்று வாத்தியார். எங்கள் வீட்டில் எந்தப் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கங்கைகொண்ட சோழபுரத்தில் போய்த்தான் முடியும். தோசைக்குச் சட்னி பற்றவில்லை என்றால்கூட ராஜேந்திர சோழன் குதிரையில் வந்து இறங்குவான். 2012-ல் பெரம்பலூர் வீட்டு மாடியறையில் நானும் அரியலூர் நண்பன் ஒருவனும் எலெக்ட்ரிக் கிட்டாரைக் கணினியில் பதிவுசெய்யப் போராடிக்கொண்டிருந்தோம். அப்பா மாடிப்படியில் பாதி ஏறி நின்று சொன்னார்: "ராஜேந்திரன் இங்கேருந்து கங்கை வரைக்கும் படை அனுப்புனான். நீ மாடி வரைக்கும் ஏறுற. ஏறி என்ன பண்ற? டொய்ங்குன்னு ஒரு தட்டு. வெட்டி வேலை!"

அன்றைக்கு வாய் வரவில்லை. பதில் யோசிக்கப் பத்துப் பன்னிரண்டு வருடம் பிடித்தது. வாத்தியாருக்குப் பதில் சொல்வதென்றால் அவர் பாடத்திலேயே சொல்ல வேண்டும். ஆகவே, இது வரலாறு.

*

எங்கள் பக்கத்தில் பதிவுத் தொழில் புதிதல்ல. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு பெரம்பலூரும் அரியலூரும் கடலுக்கு அடியில் இருந்தன. அந்தக் கடலில் அம்மோனைட் என்று ஓர் உயிரினம், சுருள் சுருளான ஓட்டுக்குள் குடியிருந்தது. செத்தது, சேற்றில் புதைந்தது, கல்லானது. ஒரே டேக். 1860-களில் ஹென்றி பிளான்ஃபோர்ட் என்ற வெள்ளைக்காரர் இந்தப் பாறைகளைப் பற்றிப் புத்தகமே போட்டார். அதற்குப் பிறகு உலகத்து நிலவியல்காரர்கள் எல்லோரும் காரைக்கும் அரியலூருக்கும் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நாங்கள் மட்டும் குனியவில்லை. சுண்ணாம்புக்கல்லாக வெட்டி, அரைத்து, சுட்டு, மூட்டை கட்டி, சிமெண்டு என்று லாரியில் ஏற்றினோம். தமிழ்நாட்டின் பாதி மொட்டைமாடிகளில் எங்கள் ஊர்க் கடல் காய்ந்துகொண்டிருக்கிறது.

2020 அக்டோபரில் குன்னத்தில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று ஊரே செல்போனோடு திரண்டது. நிபுணர்கள் வந்து பார்த்து, முட்டை இல்லை, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கல் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆம்லெட் ஆசையில் வந்தவர்கள் ஏமாந்தார்கள்.

கிட்டார்க்காரர்களிடம் ஒரு மூடநம்பிக்கை உண்டு: மரம் எவ்வளவு பழையதோ நாதம் அவ்வளவு இனிமை. அறுபது வருடப் பழைய கிட்டாருக்கு லட்சக்கணக்கில் கொட்டுவார்கள். அவர்களைச் சாத்தனூருக்கு அழைத்து வர வேண்டும். 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டெடுத்த கல்மரம் அங்கே 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. வயது ஏறக்குறைய 12 கோடி. அவர்கள் கணக்குப்படி பிரபஞ்சத்திலேயே இனிமையான கிட்டார் அதில்தான் செய்ய முடியும். தோளில் மாட்டினால் தோள் இருக்காது என்பது மட்டும்தான் சிக்கல்.

அடுத்து, அப்பாவின் நாயகன். 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் இங்கே தலைநகர் கட்டினான். கங்கையிலிருந்து தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து ஏரியில் ஊற்றி, அதற்குச் சோழகங்கம் என்று பெயர் வைத்தான். இப்போது பொன்னேரி. நடந்ததை எல்லாம் கல்லில் வெட்டினார்கள். கல்வெட்டு என்பது உலகத்திலேயே கடுமையான பதிவுமுறை. 'அன்டூ' கிடையாது. கை வழுக்கினால் ஆயிரம் வருடத்துக்கு எழுத்துப்பிழை. அதில் சோழர்கள் ஒரு சுருக்குவழி கண்டார்கள். மெய்க்கீர்த்தி என்று மன்னன் புகழை ஒரே பாடமாக எழுதிவைத்துக்கொண்டு, ஊர் ஊராகக் கல்வெட்டின் தலைமாட்டில் அதையே வெட்டுவார்கள். ஆரம்பித்துவைத்தவன் ராஜராஜன். காப்பி-பேஸ்ட்டுக்குக் காப்புரிமை கேட்டால் தஞ்சாவூருக்குத்தான் கொடுக்க வேண்டும்.

'அன்டூ' பிற்காலத்தில் எங்களுக்கு வந்து சேர்ந்தது. 1995-ல் திருச்சியை வெட்டிப் பெரம்பலூர் மாவட்டம். 2001-ல் பெரம்பலூரை வெட்டி அரியலூர் மாவட்டம். 2002-ல் அரியலூரைத் திரும்பப் பெரம்பலூரோடு ஒட்டினார்கள். 2007-ல் மறுபடி வெட்டினார்கள். கட், பேஸ்ட், அன்டூ, ரீடூ எல்லாம் கணினி வாங்குவதற்கு முன்பே எங்களுக்குப் பழக்கம். இந்தச் சண்டை மாடியறையிலும் இருந்தது. "எங்க ஊருக்கு ரயில் வரும், உங்க ஊருக்கு வருமாடா?" என்பான் அரியலூர்க்காரன். பெரம்பலூருக்கு ரயில் இல்லை. அதற்கு மட்டும் என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

*

இப்போது மேலைநாட்டு அத்தியாயம். எலெக்ட்ரிக் கிட்டாரின் பிறப்பு அரண்மனையில் நடக்கவில்லை, சமையல் பாத்திரத்தில் நடந்தது. 1931-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் என்பவர் காந்தத்தையும் கம்பிச்சுருளையும் சேர்த்து ஒரு பிக்கப் செய்தார். எஃகுக் கம்பி காந்தத்துக்கு மேலே அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் ஊறும். அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பு, அவ்வளவுதான். அதை வைத்து ரிக்கன்பேக்கர் கம்பெனி இறக்கிய அலுமினியக் கிட்டாரைப் பார்த்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர்: வறுவல் சட்டி.

அப்புறம் வந்தார் லெஸ் பால். வீட்டிலேயே பதிவுசெய்யும் சகல பைத்தியங்களுக்கும் குலதெய்வம் அவர்தான். 1940 வாக்கில் ஒரு விட்டக்கட்டையை எடுத்து, அதில் பிக்கப்பும் கம்பியும் மாட்டி வாசித்தார். கேட்டவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. சரியென்று ஒரு பழைய கிட்டாரை இரண்டாக அறுத்து, கட்டைக்கு இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி ஒட்டிக்கொண்டு போனார். அதே கட்டை, அதே நாதம். இப்போது கைதட்டினார்கள். மாப்பிள்ளைக்குக் கோட்டு மாட்டியதும் பெண்வீட்டார் சிரிப்பது போல.

1948-ல் 'லவ்வர்' என்ற இசைத்தட்டு வந்தது. எட்டுக் கிட்டார்கள் கேட்கும். எட்டும் அவரே. ஒன்றைத் தட்டில் பதிவார். அதை ஓடவிட்டு, கூடவே இரண்டாவதை வாசித்து, இரண்டையும் சேர்த்து வேறொரு தட்டில் பதிவார். இப்படியே எட்டு மாடி. ஏழாவது மாடியில் விரல் சறுக்கினால் அஸ்திவாரத்திலிருந்து கட்ட வேண்டும். அதே வருடம் கார் விபத்தில் முழங்கை நொறுங்கியது. கையை இனி மடக்க முடியாது, ஏதாவது ஒரு கோணத்தில்தான் நிலையாக வைக்க முடியும் என்றார்கள் டாக்டர்கள். "கிட்டார் பிடிக்கிற கோணத்தில் வையுங்கள்" என்றார் மனிதர். வைத்தார்கள். அப்பா, இதை நீங்கள் வெட்டி வேலை என்று அவர் முன்னால் சொல்லியிருக்க முடியுமா? 1951-ல் அவரும் மனைவி மேரி ஃபோர்டும் வீட்டில் டேப்பில் அடுக்கடுக்காகப் பதிந்த பாட்டு ஒன்று ஒன்பது வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் உட்கார்ந்தது.

பொறியியல் படித்துவிட்டுத் திண்டாடுகிறவர்களுக்கும் ஒரு தெய்வம் உண்டு: டாம் ஷோல்ஸ். எம்.ஐ.டி.யில் படித்தவர், பகலில் போலராய்டு கம்பெனியில் பொறியாளர், இரவில் நிலவறையில் கிட்டார்க்காரர். பாஸ்டன் என்ற அவர் குழுவின் முதல் ஆல்பம் 1976-ல் வந்தது. இசைத்தட்டுக் கம்பெனி, பெரிய ஸ்டுடியோவில் முறைப்படி பதிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. ஷோல்ஸ் மற்றவர்களை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஸ்டுடியோ பக்கம் அனுப்பிவிட்டு, நைசாக வீட்டு நிலவறையிலேயே உட்கார்ந்து முக்கால்வாசியை முடித்தார். கோடிக்கு மேல் விற்றது. நிலவறை என்பது வெளிநாட்டு மாடியறை. எங்கள் ஊரில் வீட்டுக்கு அடியில் தோண்டினால் அம்மோனைட் வரும் என்பதால் நாங்கள் மேலே ஏறினோம்.

நம் பக்கத்தில் இந்தக் கதை கோடம்பாக்கத்தில் நடந்தது. சினிமாப் பாட்டு என்றால் பெரிய கூடம், ஐம்பது அறுபது பேர், நோட்டுத்தாள், ஒரே மூச்சில் எல்லோரும் வாசிக்க வேண்டும் என்றிருந்த காலம். 1989-ல் ஓர் இளைஞர் வீட்டுக்குப் பின்னாலேயே ஸ்டுடியோ கட்டினார். பஞ்சதன் ரெக்கார்டு இன். மூன்று வருடத்தில் 'ரோஜா' வந்தது. மீதி உங்களுக்குத் தெரியும். கருவி வாங்குவதற்காக அவர் அம்மா நகையைக் கொடுத்தார் என்று ஏ.ஆர். ரகுமானே சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையை நான் என் அம்மாவிடம் மிக உருக்கமாகச் சொன்னேன். நகை என்ற இடத்தில் குரலைத் தழுதழுக்க வைத்தேன். அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல் முழுசாகக் கேட்டார். சின்ன வெங்காயம், செட்டிகுளம் சரக்கு. கண்ணில் தண்ணீர் வந்தது. நான் நம்பிக்கையோடு பார்த்தேன்.

"அந்தப் புள்ள நல்லா வாசிச்சிருக்கும்" என்றார்.

*

ஆக, சொந்த முதலீடு. கிட்டார் திருச்சியில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எந்தக் கம்பெனி என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தலைப்பகுதியில் பெயர் இருந்த இடத்தை யாரோ சுரண்டியிருந்தார்கள். செய்தவரே வெட்கப்பட்டுச் சுரண்டியிருக்கலாம். ஒரு லேப்டாப், ஒரு ஹெட்போன், பெரிய பின்னைச் சின்ன பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று. அந்தப் பின்னை லேப்டாப்பின் மைக் ஓட்டையில் சொருகினோம். பெருமாளே என்று கம்பியைத் தட்டினேன்.

போர்வைக்குள் யாரோ தும்மியது போல ஒரு சத்தம் வந்தது.

இதற்குக் காரணம் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாதம் ஆனது. பிக்கப் என்பது முடியளவு மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றிய சுருள். அதில் ஊறும் மின்சாரம் கோடைக்கால போர் தண்ணீர் மாதிரி, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதை 10 லட்சம் ஓம் தடை உள்ள வாசலில் கொடுத்தால் அழுத்தம் குறையாமல் நிற்கும். லேப்டாப்பின் மைக் வாசலோ சில ஆயிரம் ஓம்தான். அதாவது, சொட்டுகிற போரைத் திறந்துவிட்டு, தெருவில் இருக்கிற எல்லாக் குழாயையும் திறந்த கதை. அழுத்தம் போனால் முதலில் தண்ணீர் ஏறாதது மேல்மாடிக்கு. கிட்டாரில் மேல்மாடி என்பது கணீர் என்ற உச்ச ஒலிகள். அவை காய்ந்துபோய், தரைத்தளத்துப் பொதபொத மட்டும் மிஞ்சியது.

அரியலூர்க்காரன் இ.சி.இ. படித்தவன். அந்தப் படிப்பு அவனுக்குப் பயன்பட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான். டி.எல்.072 என்ற சிப் ஒன்று, சில தடைகள், ஒரு ஒன்பது வோல்ட் சதுர பேட்டரி. எல்லாவற்றையும் சோப்பு டப்பாவுக்குள் சாலிடர் வைத்து அடைத்தான். ஒரு பக்கம் கிட்டார், மறுபக்கம் லேப்டாப். மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறியது. எங்கள் ஸ்டுடியோவின் மிக விலையுயர்ந்த கருவி சந்தன வாசம் அடித்தது.

அடுத்த வினை, தாமதம். தட்டினால் சத்தம் உடனே கேட்கவில்லை. கணினி ஒலியைக் கூடை கூடையாக நிரப்பித்தான் தூக்கும். கூடை பெரிதென்றால் காத்திருக்க வேண்டும். எங்கள் கூடை கால் நொடி. காற்றில் ஒலி கால் நொடியில் 85 மீட்டர் போகும். ஆக, நான் மாடியில் வாசிக்க, என் ஒலிபெருக்கி தெருமுனை டீக்கடையில் இருந்தது. அந்தத் தாமதத்தோடு தாளம் பிடிப்பது, செல்போனில் பேசுகிறவனோடு சேர்ந்து கும்மி அடிப்பது போல.

இதற்கு மருந்து ஸ்டைன்பெர்க் கம்பெனி 1997-ல் கொண்டுவந்த ஆசியோ என்ற குறுக்குவழி. காசு இல்லாதவர்களுக்காக ஆசியோ-ஃபார்-ஆல் என்று இலவசமாக ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டால் அன்னதானத் திட்டம் போலவே இருக்கும். போட்டதும் கூடையை 128 மாதிரிகள் அளவுக்குச் சுருக்க முடிந்தது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்றால் 128-க்கு மூன்று மில்லி நொடிகூட ஆகாது. ஒலிபெருக்கி டீக்கடையிலிருந்து ஒரே தாவலில் என் பக்கத்து நாற்காலிக்கு வந்தது.

பதிவு மென்பொருள் ரீப்பர். வின்ஆம்பைச் செய்த ஜஸ்டின் ஃபிராங்கெல்தான் இதையும் செய்தார். 60 நாள் இலவசம். அதற்குப் பிறகும் நிறுத்தமாட்டார். திறக்கும்போதெல்லாம் இன்னும் வாங்கவில்லையே என்று மெதுவாகக் கேட்பார், அவ்வளவுதான். வேலை தேடும் மருமகனிடம் மாமனார் கேட்கும் அதே பதவிசு.

எல்லாம் சரியாயிற்று. ஹெட்போனை மாட்டினேன்.

உம்ம்ம்ம்ம்.

*

இந்த 'உம்'தான் இந்த வரலாற்றின் வில்லன். சுவருக்குள் ஓடும் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த ஆட்டத்தில் எழும் காந்தப்புலத்தை, கம்பியின் அதிர்வுக்காகக் காத்திருக்கும் பிக்கப், விருந்தாளி என்று நினைத்து உள்ளே விட்டுவிடும். டியூப்லைட் எரிந்தால் உம். டிவியில் சீரியல் ஓடினால் உம். எதிர்வீட்டில் மிக்ஸி ஓடினால் உம்மோடு கொர். பழகிய காதுக்குத் தேங்காய்ச் சட்னியா தக்காளிச் சட்னியா என்றுகூடச் சொல்லிவிடலாம். சார்ஜர் சொருகியிருந்தால் சங்கீதமே வேறு.

சங்கீதம் என்பது வெறும் பேச்சில்லை. 49 ஹெர்ட்ஸ் என்பது ஜி என்ற ஸ்வரம். நம் ஊர்க் கரண்டு 50. அதாவது இந்தியா முழுக்க, ஜி-க்கு ஒரு மயிரிழை மேலே, ஒரு மாபெரும் தம்புரா இடைவிடாமல் மீட்டப்படுகிறது. அமெரிக்காவில் 60, அவர்கள் தம்புரா பி-க்குக் கொஞ்சம் கீழே. இன்னொரு வேடிக்கை: தேவை கூடி உற்பத்தி திணறும்போது இந்த 50 கொஞ்சம் கீழே இறங்கும். பற்றாக்குறை முற்ற முற்றத் தம்புராவில் சுருதி சேரும்.

இந்த அரக்கனைக் கொல்ல 1955-ல் கிப்சன் கம்பெனிப் பொறியாளர் செத் லவர் ஒரு வழி கண்டார். சுருளை இரண்டாக்கி, காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்து, எதிரெதிர்த் திசையில் இணைத்தார். கம்பியின் ஒலி இரண்டிலும் கூடும். வெளியே இருந்து வரும் உம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாகும். இரண்டு சம்பந்திகளை எதிரெதிரே உட்கார வைத்தால், இருவர் புலம்பலும் தங்களுக்குள்ளேயே தீர்ந்துபோய் மாப்பிள்ளை வீடு அமைதியாக இருப்பது போல. ஹம்பக்கர் என்று பெயர். என் கிட்டாரில் ஒரே சம்பந்தி.

வேறு வழிகள் பார்த்தோம். கிட்டாரோடு மெதுவாகச் சுற்றினால் ஏதாவது ஒரு திசையில் உம் குறையும். பிக்கப்பும் காந்தப்புலமும் ஒன்றையொன்று பாராமுகமாக நிற்கும் கோணம் அது. மாடியறையில் அது கிழக்கு. "அரியலூரப் பாத்து உக்காந்தாதான்டா உனக்கு நல்ல சத்தம் வரும்" என்று நண்பன் அதை ஒரு மாவட்ட வெற்றியாகவே கொண்டாடினான். வாசிக்கிறவன் கிழக்கே, திரை மேற்கே. கழுத்துச் சுளுக்குக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு தொடர்ந்தோம்.

விதியைப் பாருங்கள். கரண்டு வேண்டாம் என்று எவ்வளவு ஓடினாலும், அந்த 44,100 என்ற எண்ணுக்குள்ளேயே கரண்டு உட்கார்ந்திருக்கிறது. ஆரம்பக் காலத்தில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க வீடியோ டேப்பைத்தான் பிடித்தார்கள். டிவிப் படத்தின் வேகம் கரண்டை ஒட்டி வைக்கப்பட்டது: அமெரிக்காவில் 60, ஐரோப்பாவில் 50. ஒரு கோட்டுக்கு மூன்று மாதிரி என்று கணக்குப் போட்டால் 60 பெருக்கல் 245 பெருக்கல் 3, விடை 44,100. 50 பெருக்கல் 294 பெருக்கல் 3, அதே 44,100. இரண்டு கரண்டுக்கும் பொதுவான சம்பந்தம். வகுப்பில் வராத பெருக்கல் அன்றைக்கு மாடியறையில் வந்தது.

*

இனி பொற்காலம். எல்லா வம்சத்துக்கும் ஒன்று உண்டு. எங்களுடையது 2012-ன் பின்பாதி. தமிழ்நாட்டுக்கே தெரியும் அது என்ன காலம் என்று. சென்னைக்கு வெளியே கரண்டு நாளில் பாதி நேரம் விருந்தாளி. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். மாவு அரைப்பதற்கு ராகுகாலம் பார்க்கவில்லை, கரண்டுகாலம் பார்த்தார்கள். நாங்களும் திட்டினோம், வந்த வேகத்தில் சார்ஜ் ஏற்றினோம்.

ஒரு நாள் இரவு ஏழு மணி. ஏழாவது டேக் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் அலைக்கோடு, வாசிக்காத இடத்திலும் உம்மால் உப்பி, தாம்புக்கயிறு போலப் போய்க்கொண்டிருந்தது. பட்டென்று கரண்டு போனது. தெரு முழுக்க "ஓ" என்று வழக்கமான சத்தம். லேப்டாப் பேட்டரியில் ஓடியது. தாம்புக்கயிறு சட்டென்று தையல்நூலாக மெலிந்தது.

"பின்னு கழண்டுருச்சுடா" என்றேன்.

அவன் கம்பியைத் தட்டினான். கோயில் மணி மாதிரி கேட்டது. சுற்றிலும் ஒன்றுமே இல்லை. டியூப்லைட் இல்லை, மிக்ஸி இல்லை, சீரியல் இல்லை, சுவருக்குள் 50 இல்லை. சோப்பு டப்பா பேட்டரியில், லேப்டாப் பேட்டரியில், ஊர் இருட்டில். இருவரும் இருட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முயன்றோம். அவன்தான் முதலில் சொன்னான்:

"டேய், கரண்டு போனாத்தான்டா எலெக்ட்ரிக் கிட்டாரு!"

செத் லவர் சுருளை இரண்டாக்கி, மூளையைக் கசக்கிச் சாதித்ததை, எங்கள் ஊரில் ஒரு ஃபியூஸ்கூடப் போகாமல் சாதித்துவிட்டார்கள். உம்மை ஒழிக்க உலகம் ஆயிரம் வழி தேடியபோது, கரண்டையே ஒழித்துவிடுவது என்ற எளிய வழி யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவின் மின்தொகுப்பே சரிந்து, இரண்டாம் நாளில் அறுபது கோடிப் பேருக்குக் கரண்டு இல்லாமல் போனது. பூமியில் அதுவரை அவ்வளவு பெரிய உம் இல்லாத ஸ்டுடியோ அமைந்ததில்லை. டெல்லிக்காரர்கள் அதைக் கிட்டாருக்குப் பயன்படுத்தாமல் பொழுதை வீணாக்கினார்கள். தெற்குத் தொகுப்பு அப்போது வடக்கோடு ஒத்து ஓடவில்லை. 2013 டிசம்பர் 31-ல்தான் சேர்த்தார்கள். அதனால் அந்த வெட்டு எங்களை எட்டவில்லை. எங்களுக்குச் சொந்த வெட்டே போதுமானதாக இருந்தது.

அன்றிலிருந்து வாழ்க்கை தலைகீழ். கரண்டு வந்தால் சலித்துக்கொண்டோம். போனால் படிக்கட்டில் தடதடவென்று ஏறினோம். மின்விசிறி நின்றிருப்பதால் வியர்வை கம்பியில் இறங்கித் துருப்பிடித்தது. கொசுவுக்கு ஒரு சட்டம் இயற்றினோம்: கையில் உட்கார்ந்தால் அடிக்கலாம், பதிவாகாது, கிட்டாரில் உட்கார்ந்தால் அடிக்கக் கூடாது, பதிவாகும். ஒரு வெட்டு ஒரு மணி நேரம்தான் என்பதால், வெட்டுக்கு இரண்டு பாகம் என்று கணக்கு. லெஸ் பாலுக்கு எட்டு மாடி. நாங்கள் பதினொன்று கட்டினோம். கோப்புகளுக்கு அப்பா வைத்த பெயரையே வைத்தோம்: வெட்டி 1, வெட்டி 2, கடைசி வெட்டி, உண்மையான கடைசி வெட்டி, கடைசி வெட்டி புதுசு.

எல்லாப் பேரரசும் உள்ளேயிருந்துதான் சரியும். அம்மா ஏலச்சீட்டு எடுத்து இன்வெர்ட்டர் வாங்கினார். ரகுமானின் அம்மா ஸ்டுடியோவுக்குக் கொடுத்தார். என் அம்மா ஸ்டுடியோவை மூடுவதற்குக் கொடுத்தார். அதுவும் மலிவு ரகம். ஒழுங்கான கரண்டு அலை வழுக்கி ஏறி வழுக்கி இறங்கும். இது படிக்கட்டு போலச் சதுரமாக ஏறி இறங்கும். சதுர அலை என்றால் 50 மட்டும் வராது, அதன் மூன்று, ஐந்து, ஏழு மடங்குகளும் சொந்தபந்தமாகக் கூடவே வரும். உம் என்று இருந்தது ர்ர்ர்ர் என்று ஆனது. கரண்டு இருந்தால் தம்புரா, போனால் வண்டு. பதினோராவது மாடியோடு கட்டடம் நின்றது. சில மாதங்களில் அரியலூர்க்காரனுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. ரயிலேறித்தான் போனான், அதைச் சொல்லிக்காட்டிவிட்டு.

*

இன்று என்னிடம் முறையான ஆடியோ இன்டர்ஃபேஸ் இருக்கிறது. வாசலில் 10 லட்சம் ஓம். இரண்டு சம்பந்தி பிக்கப் இருக்கிறது. உம்மைத் துடைக்கும் மென்பொருள் இருக்கிறது. துடைத்தால் உம்மோடு சேர்ந்து கிட்டாரின் வாலும் கொஞ்சம் போகிறது. அந்தக் கோயில் மணி அப்படியே வரவில்லை.

ஆனால் மாதம் ஒருமுறை வருகிறது. பராமரிப்புப் பணிக்காகக் கரண்டை நிறுத்துவார்கள் இல்லையா, அதன் பட்டியல் முதல் நாளே பேப்பரில் வரும். அப்பா ரிட்டையர் ஆகிவிட்டார். காலையில் பேப்பரை முழுசாக, விளம்பரம் உட்படப் படிப்பது அவர் வேலை. அந்தப் பட்டியலைக் கல்வெட்டுப் படிக்கும் குரலில்தான் படிப்பார்: "துறைமங்கலம், பாலக்கரை, வெங்கடேசபுரம், நாலு ரோடு…" கொஞ்சம் நிறுத்துவார். "நம்ம தெருவும் இருக்குடா. ஒம்பதுலேருந்து ரெண்டு மணி வரைக்கும்."

போன மாதமும் அப்படித்தான். காலையில் லேப்டாப்பை முழுசாகச் சார்ஜ் ஏற்றி, சோப்பு டப்பாவுக்குப் புது பேட்டரி போட்டு எடுத்துவைத்தேன். ஒன்பது மணிக்கு மின்விசிறி நின்றது. அடுத்த நொடி இன்வெர்ட்டர் பிடிக்க, மறுபடி சுற்ற ஆரம்பித்தது. கீழே டக் என்று ஒரு சத்தம். விசிறி திரும்ப நின்றது. எட்டிப் பார்த்தேன். இன்வெர்ட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, பனையோலை விசிறியோடு திண்ணைக்குப் போய்க்கொண்டிருந்தார் அப்பா.

"என்னப்பா?"

"ரெண்டு மணி வரைக்கும் சும்மாதான கெடக்கப்போறோம்" என்றார், திரும்பிப் பார்க்காமல். "வெட்டியா இருக்கிறதுக்கு, வெட்டி வேலையாச்சும் பாரு."